பரிசல் துறைக்கு முள் அடைத்த வருஷம்

1

கப்பல் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. அதில் வந்திருக்கும் ஆள்தான் இறங்க வழியில்லை.

பினாங்குத் துறைமுகத்தில், கூலியோடு தரும் அரிசியைக் கூட்டித் தரவேண்டும் என்று தொங்கான்காரர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். பெரிய கப்பல்கள் ஆழமுள்ள இடத்தில் நங்கூரம் போட்டுவிடும். அங்கிருந்து சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டு வருவது தொங்கான் என்ற இந்தப் படகுகள்தான். அவை எல்லாம் இப்போது வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. படகுக்காரர்கள் மேலே உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல் அது. என் வீட்டுக்காரரின் பங்காளி வேலப்பன் அதில் இருக்கிறான். எருமப்பட்டிக்காரன். ஏறும் முன் தந்தி அடித்திருந்தான். யுத்தம் முடிந்து கடல் திறந்த பிறகு எங்கள் சீமையிலிருந்து வரும் முதல் ஆள் அவன். என்னைப் பெற்ற ஐயன் உயிரோடு இருக்கிறாரா, அக்கா எப்படி இருக்கிறாள் என்று இத்தனை வருஷமாக ஒரு சேதியும் இல்லாமல் தவித்த எனக்கு, அந்தக் கப்பல் நிற்கும் தூரம் பொறுக்கவில்லை. காலையில் சமையலை முடித்ததும் துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன். வந்து என்ன செய்ய? கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறேன்.

மகள் மரகதம் கூட வந்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்குச் சலித்துவிட்டது.

"பேசோக் வரலாம்மா" என்றாள். பேசோக் என்றால் மலாய் மொழியில் நாளை. நாளை என்ற சொல் அவளுக்குத் தெரியாமலில்லை. வாயில் முதலில் வருவது இதுதான்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். அவர் துறைமுகத்துக் கித்தங்கியில் கிராணி. அதாவது சரக்கு வைக்கும் கொட்டடியில் குமாஸ்தா.

"இவங்களுக்கு அரிசி பத்தலைன்னா துரைகிட்டக் கேக்கட்டும். வந்த சனங்களை எதுக்கு நடுக்கடல்ல நிறுத்தோணும்?"

"கேட்டாங்க. காது குடுக்கல. வழியை அடைச்சாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க" என்றார் அவர்.

இதே வார்த்தையை, வேறொரு தண்ணீரின் கரையில் நின்று, என் ஐயன் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குச் சற்று மேற்கே, காவிரியின் வடகரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருப்பார்கள்; படித்தால் சண்டைக்கு வருவார்கள். அதே கரையில் ஆற்றுக்கு மேல்புறம் இருக்கும் அடுத்த ஊரை மேலூர் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு ஊருக்கும் பிழைப்பு வெற்றிலைக் கொடிக்கால். வெற்றிலை காத்திருக்காது. பறித்து, அடுக்கி, ஈரவாழைச் சருகு சுற்றிக் கூடையில் வைத்தால் அன்றைக்கே ரயில் ஏறவேண்டும். ரயிலோ தென்கரையில், புகளூர் ஸ்டேஷனில். நடுவில் ஆறு. பாலம் கிடையாது, பரிசல்தான். அந்தப் பரிசல் துறை எங்கள் ஊர்க் கரையில் இருந்தது.

துறை எங்களுடையது என்பதால் எங்கள் கூடைகள்தான் முதலில் போகும். மேலூர் வண்டிகள் எங்கள் ஊருக்குள் வந்து, புளியமரத்தடியில் ஒதுங்கி நிற்கும். எங்கள் கூடை முழுவதும் அக்கரை சேர்ந்த பிறகுதான் அவர்கள் முறை. பல நாள் அவர்கள் ரயிலைத் தவறவிட்டிருக்கிறார்கள். வாடிய இலையை ஆற்றில் கொட்டிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். அது தப்பு என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. ஐயனுக்கும்தான். ஊரில் நாலு பேர் கூடினால் அவர் சொல்தான் நிற்கும்.

என் அக்கா நல்லாயியை அந்த மேலூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அப்புறம் மேட்டூரில் அணை கட்டினார்கள். எங்கள் ஆறு பழைய ஆறாக இல்லை. திறந்தால் வந்தது, மூடினால் நின்றது. மண்ணை ஒதுக்குவதும் அரிப்பதும் வேறு மாதிரியானது. எங்கள் துறையில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்து, ஒரு கோடையில் பரிசல் தரைதட்டி நின்றுவிட்டது. ஆழமான தண்ணீர் மேலூர்க் கரையை ஒட்டி வளைந்து போனது. துறை தானாகவே மேலூருக்குப் போய்விட்டது.

எங்கள் வண்டிகள் மேலூர்க் கரைக்குப் போய் நின்றன. அவர்கள் எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள்.

ஐயன் தானே நேரில் போனார். நானும் அக்காவைப் பார்க்கும் சாக்கில் கூடப் போயிருந்தேன். அக்காவின் மாமனார் கரையில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த ஆள், குரல் ஏறவே ஏறாது.

"ஆறு என்ன உங்கப்பன் வெட்டுனதா?" என்றார் ஐயன்.

"இத்தனை நாளும் உங்கப்பன் வெட்டுனதா இருந்துச்சுங்களே சம்மந்தி" என்றார் அவர், மரியாதை குறையாமல்.

அன்றைக்கே ஐயன் திரும்பிவிட்டார். ஒரு வாய் மோர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. வாய்ச்சண்டை கைச்சண்டையானது. மேலூர்க்காரர்கள் துறைக்குப் போகும் பாதையில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். எங்கள் இலை வீட்டிலேயே கறுத்தது.

எங்களிடமும் ஒன்று இருந்தது. மேலூரிலிருந்து வேலூர்ச் சந்தைக்கும் நாமக்கல்லுக்கும் போக ஒரே வண்டித் தடம்தான். அது எங்கள் ஊருக்குள் வருகிறது. அந்தத் தடத்தின் குறுக்கே வண்டி இறங்க முடியாத ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். முதல் கடப்பாரையைப் போட்டவர் ஐயன்.

"வழியை அடைச்சாத்தான் திரும்பிப் பார்ப்பானுங்க" என்றார்.

அவர்களுக்கு உப்பும் சீமெண்ணெயும் வருவது நின்றது. எங்களுக்கு ரயில் நின்றது. ஊருக்கு ஊர் கைகாட்டி ஏசிக்கொண்டு அந்தக் கோடை போயிற்று. அக்கா அப்போது நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியவள். வண்டி போகவும் முடியாது, வரவும் முடியாது. வீட்டில் பெண்கள் அழுதோம். "முள்ளை எடுத்துட்டு அவங்க முதல்ல வரட்டும்" என்றார் ஐயன். அங்கே அக்காவின் மாமனாரும் குழியைப் பற்றி அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

3

இங்கே கப்பல் இன்னும் அங்கேயே நிற்கிறது.

மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ காகிதம் வேண்டுமென்று ஆபீசுக்குப் போனேன். அவன் பெயர் கந்தசாமி. ரிஜிஸ்தரில் சாமி என்று மட்டும் இருக்கிறது. பிறப்பைப் பதிய அவனைத் தூக்கிப்போன அன்று, அழுத பிள்ளையை "அழாதே சாமி, அழாதே சாமி" என்று நான் சமாதானம் செய்ததைக் கேட்டு, எழுதுகிறவர் அதையே பெயராக எழுதிவிட்டார். எங்கள் ஊரில் பெரியவரும் சாமி, பிள்ளையும் சாமி என்று எப்படி விளக்குவது? திருத்தப் போனால் அந்த ஜன்னல், இந்த ஜன்னல். ஜப்பான்காரன் காலத்தில் பழைய தஸ்தாவேஜுகள் போய்விட்டன என்கிறார்கள். பையனோ, "சாமியே இருக்கட்டும்மா, கூப்பிடச் சுளுவா இருக்கு" என்கிறான்.

நான் ஐயன் என்றால் இங்கே கோயில் பூசாரியைச் சொல்வதாக நினைக்கிறார்கள். ஊடு என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள் சிரிக்கிறார்கள். வீடு என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கோபம் வந்தால் மட்டும் ஊடு வந்துவிடுகிறது.

ஜப்பான்காரன் வந்ததும் எங்களுக்கு முதலில் தெரிந்தது குண்டு இல்லை, அரிசி. இந்த ஜலசந்தி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்படிதான் கப்பல் போகும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது கை மாறியதும் ரங்கூன் அரிசி வரவில்லை. பிள்ளைகளுக்கு மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கொடுத்து வருஷங்களை ஓட்டினோம். ரங்கூன் அரிசி போகாமல் ஊரிலும் தட்டுப்பாடு என்று பின்னால் கேள்விப்பட்டேன். கடலை அடைத்தது ஒருவர். இங்கே மரகதமும் அங்கே அக்கா பிள்ளையும் ஒரே நேரத்தில் பட்டினி கிடந்திருப்பார்கள்.

4

அக்காவுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதை நினைத்தால் இன்றைக்கும் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

அணையில் தண்ணீர் திறந்தால், மணலில் ஆடுமாடு இறங்க வேண்டாம் என்று ஊர் ஊராகத் தமுக்கடித்துச் சொல்லி வருவார்கள். அந்த வருஷமும் தமுக்கடிக்கிறவர் வந்தார். எங்கள் ஊரில் அடித்தார். மேலூருக்குப் போகக் குழியைத் தாண்டப் பார்த்தவரை எங்கள் ஊர் இளவட்டங்கள் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலூருக்குச் சேதி போகவில்லை.

அன்று முற்பகலில் அக்கா வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. தடத்தில் குழி, கரையில் முள். ஆனால் ஆற்று மணலை யாரும் அடைக்கவில்லை. அணை மூடி வற்றியிருந்த ஆழமான பக்கத்தை முழங்கால் தண்ணீரில் கடந்து நடுத்திட்டுக்குப் போய், மணல்மேலேயே நடந்து எங்கள் ஊர்க் கரைக்கு ஏறிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். இடுப்பில் ஒரு துணிமூட்டை, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு.

நான் கரைமேட்டில் அகத்திக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு பெண் உருவம் வருவதைப் பார்த்தேன். நடையைக் கொண்டு அக்கா என்று தெரிந்தது. அதே நேரம் மேற்கே மணல் நிறம் மாறுவதும் தெரிந்தது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. சத்தமில்லாமல், நுரையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பரவி வந்தது.

"அக்கா, தண்ணி! திரும்பு!" என்று கத்தினேன். அவள் கையை ஆட்டினாள். நான் வரவேற்கிறேன் என்று நினைத்தாள்.

ஐயன் கொடிக்காலிலிருந்து ஓடி வந்தார். எங்கள் பக்கம் ஒரு பரிசல்கூட இல்லை. எல்லாம் முள்ளுக்கு அந்தப்பக்கம், மேலூர்த் துறையில். அவர் கரையோடு மேற்கே ஓடினார், பின்னாலேயே நானும். முள்வேலி வந்தது. அரிவாளைத் தேடவில்லை, இரண்டு கையாலும் முள்ளைப் பிடித்து இழுத்தார். முள் கையில் இறங்கி ரத்தம் முழங்கை வழியே ஒழுகியது. இழுத்துக்கொண்டே, "சம்மந்தி! சம்மந்தி! எம்புள்ளைங்க!" என்று கத்தினார்.

அந்தப்பக்கம் அவர்களும் பார்த்துவிட்டார்கள். அக்காவின் புருஷனும் பரிசல்காரரும் ஆளுக்கொரு துடுப்போடு பரிசலைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். அக்கா நின்ற திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தபோது பரிசல் அவளை எட்டியது. தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் திரும்ப முடியவில்லை. வெள்ளம் பரிசலைச் சுழற்றிச் சுழற்றித் தென்கரைக்குக் கொண்டுபோய்த் தள்ளியது.

முள்ளின் இந்தப்பக்கம் ஐயன், அந்தப்பக்கம் சம்மந்தி. இருவரும் அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தென்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பாவாயி என்ற பெண்தான் அக்காவைத் தன் குடிசைக்குக் கூட்டிப்போனவள். பொழுது சாயும் முன் அங்கேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. அவர்களுக்கு அக்கா எந்த ஊர், எந்த வகையறா என்று ஒன்றும் தெரியாது. தொப்புள்கொடி அறுத்து, வெந்நீர் வார்த்து, தங்களிடமிருந்த ஒரே கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். குழந்தைக்குச் சின்னப்பாவாயி என்றே அக்கா பெயர் வைத்தாள்.

5

இதற்குப் பிறகு இரண்டு ஊரும் சமாதானமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை.

"முள்ளைப் போட்டது அவங்க" என்றார் ஐயன். "தமுக்கடிக்க விடாதது அவங்க" என்றார்கள் அங்கே. வெள்ளம் வடிந்ததும் முள் முன்னைவிட உயரமாக ஏறியது. குழி இன்னும் ஆழமானது. சேலம் கோர்ட்டில் கேசு போட்டார்கள். ஐயன் வேலூரில் பஸ் ஏறி, சேலத்தை ஒட்டிய சூரமங்கலத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, கோர்ட்டுக்குப் போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் வாய்தா. கொடிக்கால் கவனிப்பாரற்றுக் காய்ந்தது.

அப்போதுதான் பினாங்கிலிருந்து லீவில் வந்திருந்த இவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். சம்மதமா என்று ஐயன் என்னைத் தனியாகக் கேட்டார். தூரமாகப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது, இனி ஒரு ஆற்றின் சண்டையும் என் காதில் விழாது என்று நினைத்தேன். வந்து சேர்ந்த இடம் உலகத்துச் சரக்கெல்லாம் ஒதுங்கும் ஜலசந்தி.

6

தொங்கான்கள் ஒருவழியாக ஓடத் தொடங்கின. அவர்கள் கேட்ட அரிசியில் பாதி கிடைத்ததாம். வேலப்பன் உடனே வந்துவிடவில்லை. கப்பலின் மேல்தட்டில் மலிவு டிக்கெட்டில் வந்தவர்களையெல்லாம் நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனித்தீவில் இறக்கிவிட்டார்கள். மறுபடியும் தண்ணீருக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான். கடைசியில் ஒரு மத்தியானம் வாசலில் வந்து நின்றான். ஆள் இளைத்துக் கறுத்திருந்தான்.

"அண்ணி, சவுக்கியமாங்க?"

தண்ணீர் கொடுக்கவும் மறந்து, "ஐயன் இருக்காருங்களா?" என்றேன்.

"இருக்காருங்க. செயிலுக்குப் போயிட்டு வந்து முன்னைக்கு இப்பத் தெம்பா இருக்காருங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சொன்னான்.

யுத்தத்தின்போது தானியத்தை ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று உத்தரவு. எங்கள் ஆறுதான் ஜில்லாவுக்கு எல்லை. அக்கரை திருச்சி, இக்கரை சேலம். அங்கே நெல் இருந்தது. இங்கே குழந்தைகள் பசியில் சுருண்டன. ஒரு நாள் ஐயன் குழியில் இறங்கி ஏறி, முள்ளுக்கு முன்னால் போய் நின்று சம்மந்தியைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னன்னுங்க கூப்பிட்டாரு?"

"'பேத்தி என்ன தின்னுச்சு?'ன்னு கேட்டாருங்களாம். சம்மந்தி முள்ளை விலக்கி உட்டாருங்களாம்."

அதன்பிறகு இருவரும் ஒரே பரிசலில் போயிருக்கிறார்கள். இலைக்கூடையோடு போவது, திரும்பும்போது கூடைக்குள் நெல்லைப் போட்டு மேலே வாழைச்சருகைப் பரப்பிக்கொண்டு பட்டப்பகலில் வருவது. இரண்டு ஊருக்கும் பங்கு. துறையில் நின்ற போலீஸ்காரர் ஒரு நாள், வெறுங்கூடை தூக்கும் ஆளுக்கு ஏன் கழுத்து நரம்பு புடைக்கிறது என்று கேட்டுவிட்டார். இரண்டு பேரையும் பரமத்தியில் ஒரே அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

"உள்ள இருக்கறப்பவே ரெண்டு பேரும் பேசி கேசை முடிச்சுக்கிட்டாங்க. வந்ததும் முள்ளையும் எடுத்தாச்சு, குழியையும் மூடியாச்சுங்க."

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வேலப்பன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருங்கண்ணி, இன்னும் முடியல. போன வெள்ளத்துல ஆறு மறுக்கா மாறிப்போச்சுங்க. இப்பத் தண்ணி தென்கரையை ஒட்டி ஓடுது. இக்கரை பூரா மணலு. தென்கரைக்காரங்க, 'சந்தைக்குப் போற எங்க கூடை அக்கரை சேந்த பொறகுதான் உங்க கூடை'ங்கறாங்க."

"ஐயன் என்ன பண்ணுனாரு?"

"உங்க ஐயனும் சம்மந்தியும் ஒண்ணாச் சேந்து, தென்கரைச் சரக்கு இக்கரையில எறங்கி நாமக்கல் சந்தைக்குப் போற தடத்துல குழி வெட்டுனாங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. யாரிடமிருந்து யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. "ஊட்ல அக்கா ஒண்ணும் சொல்லலையா?" என்று கத்திவிட்டேன்.

"உங்க அக்கா ஊட்ல இல்லைங்க. புள்ளையைக் கூட்டிக்கிட்டு அக்கரைக்குப் போயிட்டாங்க. அந்தப் பாவாயி ஊட்டு வாசல்ல உக்காந்துக்கிட்டு, குழியை மூடுனாத்தான் இக்கரைக்கு வருவேன்னுட்டாங்க."

ஐயனும் சம்மந்தியும் பரிசல் ஏறிப் போயிருக்கிறார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. பாவாயிதான் இருவருக்கும் கட்டிலை எடுத்துப் போட்டிருக்கிறாள். ஐயன் உட்காராமல் நின்றாராம்.

"வா சாமி, போலாம்" என்றாராம்.

"என்னைத் தண்ணியில இருந்து ஏத்துக்கிட்ட கரைங்க இது. இவியளுக்கே வழியை அடைப்பீங்களா? மூடிட்டு வாங்க, வாரேன்" என்றாளாம் அக்கா.

அவர்கள் திரும்பினார்கள். அன்றைக்கு மாலைக்குள் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து மண்ணை அள்ளிப் போட்டு மூடினார்கள். மறுநாள் தென்கரைப் பெரியவர்கள் தாங்களாகவே இக்கரைக்கு வந்தார்கள். ஊருக்கு முறை இல்லை, துறைக்கு எந்தக் கூடை முதலில் வருகிறதோ அது முதலில் ஏறட்டும் என்று பேசி முடித்தார்கள். அக்கா வீடு திரும்பினாள்.

"அது நிக்குங்களா?" என்று கேட்டேன்.

"ஆறு சும்மா இருக்கற வரைக்கும் நிக்கும்னு நெனைக்கறேனுங்க" என்றான். பிறகு, "உங்களை ஒருக்கா வந்துட்டுப் போகச் சொன்னாருங்க உங்க ஐயன்" என்றான்.

7

அன்றிலிருந்து நான் ஆபீசுகளுக்கு நடக்கிறேன். போவதற்கு ஒரு சீட்டு, திரும்பி வர ஒரு சீட்டு, பிள்ளைகளுக்குத் தனிச்சீட்டு. நேற்று ஒரு அதிகாரி, எதற்காகப் போகிறாய் என்று கேட்டார். அக்காவைப் பார்க்க என்றேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, நன்றாக இருக்கிறாள், அதனால்தான் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்தார்.

இரவுச் சோற்றின்போது மரகதம், வேலப்பன் சொன்ன கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். அவளுக்குப் புரியாத இடத்தில் அவள் தம்பி மலாயில் சொன்னான். எனக்கு அது இந்த முறை உறுத்தவில்லை. கதை முடிந்ததும் தட்டில் கை வைத்தபடியே கேட்டாள்:

"நாம எந்தக் கரைம்மா? வடகரையா, தென்கரையா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"உங்க பெரியம்மா எந்தக் கரையில உக்காருறாளோ, அந்தக் கரை" என்றேன்.